நோர்வூட் பள்ளத்தாக்கு: தோட்டமும் அரசும்

நோர்வூட், இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டனுக்குத் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1100 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறு நகரம். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கு ஏறி, மலை கடந்து பலாங்கொடைப் பக்கம் இறங்குகிறது. மற்றது மஸ்கெலியாவுக்கும், அங்கிருந்து சிவனொளிபாதமலையின் அடிவாரமான நல்லதண்ணிக்கும் போகிறது. சந்தியை ஒட்டிய கடைத்தெரு, கோயில், பாடசாலை, பொலிஸ் நிலையம், விளையாட்டரங்கு என்று நகரம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் தேயிலை. இன்று இப்பெயர் ஒரு பிரதேச சபைக்கும் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் உரியது. பொகவந்தலாவை வரையிலான தோட்டங்கள் பலவும் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன.

பள்ளத்தாக்கை உருவாக்கியது கெஹெல்கமு ஓயா. பொகவந்தலாவைக்கு மேலுள்ள மலைகளில் பிறந்து, நோர்வூட்டைத் தொட்டுக்கொண்டு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அடுத்த பள்ளத்தாக்கில் ஓடும் மஸ்கெலி ஓயாவும் இதுவும் கித்துல்கலைப் பக்கம் ஒன்றுசேர்ந்த பிறகுதான் களனி கங்கை என்று பெயர் பெறுகின்றன. ஆக, கொழும்பு குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த மலைகளில் இறங்கிய மழை. தெற்கே தடுப்புச் சுவர்போல் நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால் சப்ரகமுவ மாகாணம். தென்மேற்கே 2243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலையும், 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டுக் காடுகளின் ஒரு பகுதியான அதன் வனச் சரணாலயமும் உள்ளன. காடும் தேயிலையும் ஒட்டிக்கிடப்பதால் சிறுத்தைகள் தோட்டத்துக்குள் நடமாடுவது இங்கே அதிசயமில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்துபோனது நாடெங்கும் செய்தியானது. தொழிலாளரை அன்றாடம் வருத்துவதோ சிறுத்தையல்ல, குளவி. கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து, பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக வைத்தியசாலைக்குப் போவது இப்பகுதிப் பத்திரிகைச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று. அட்டைக் கடியை யாரும் செய்தியாக எண்ணுவதுமில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவுகளில் நேராக மோதுகிறது. மண்சரிவு ஆபத்து அப்போது மட்டும் வருவதன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையக மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. செங்குத்துச் சரிவுகளில் நூறாண்டுக்கு முன் கட்டிய, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இன்றும் குடியிருப்பாக இருப்பதே இந்த ஆபத்தின் பாதிக் காரணம். மழை தணிந்து, ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் அமையும் நாட்களில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. அப்போது வரும் தேயிலைக்குத்தான் மணமும் நிறமும் கூடுதல், கொழும்பு ஏலத்தில் விலையும் கூடுதல். டிம்புலைத் தேயிலை என்று உலகச் சந்தை அறிந்தது இந்தப் பள்ளத்தாக்குகளையும் சேர்த்துத்தான்.

நிலத்தோற்றத்தை மனிதர் மாற்றிய அளவுக்கு இயற்கை மாற்றவில்லை. 1860களுக்கு முன் இங்கே அடர்காடு. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைக் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டது அந்தப் பத்தாண்டிலும் அடுத்ததிலும் நடந்த வேலை. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை வழிகாட்டியாக இருந்தது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்ததும் பள்ளத்தாக்கின் கதி முடிவானது. காசல்ரீக் கரையில் 1878இல் கட்டிய வோலி தேவாலயம் அந்தத் துரைமார் காலத்தின் மிச்சம். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் டிக்கோயாவின் கிளங்கன் தோட்டத்தில் 1879இல் இறந்து, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கமானார். அடுத்த ஆண்டு அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கேமரனும் அங்கேயே. 1833இல் இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமுறையையும் மாற்றியமைத்த கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவர்தான். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்து, பெருந்தோட்டத்துக்கு வாசல் திறந்த சீர்திருத்தம் அது. அதை வகுத்தவர்களில் ஒருவர் கடைசியில் தோட்டக்காரராகவே இந்த மண்ணில் அடங்கியிருக்கிறார்.

இரண்டாவது பெரிய மாற்றம் நீர்மின்சாரம். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் களனியின் மேல் ஓயாக்களிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று 1918இல் கணக்குப் போட்டுக் காட்டினார். லக்சபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். 1965இல் காசல்ரீ அணை எழுந்து, அதன் நீர் 50 மெகாவாட் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றியது. 1969இல் மவுசாக்கலை அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் சிதைவுகள் வெளியே தெரியும். பார்க்க ஊர் திரளும். நாட்டுக்கு வெளிச்சம் தந்த இந்த நீர்நிலைகளைச் சுற்றியிருந்த லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் வரப் பல பத்தாண்டுகள் சென்றன. தூரம் அதற்குக் காரணமல்ல. லயம் கம்பனியின் கட்டடம், அதில் இருப்பவர் யாருடைய பொறுப்பு என்பது முடிவாகாத கேள்வி.

இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையினர் மலையகத் தமிழர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணிகளின் பின்னால் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இந்தியத் தமிழர் என்று பதிவானோர் 839,504 பேர். நுவரெலியா மாவட்டத்தின் 711,644 மக்களில் பாதிக்குமேல் அவர்களே. நோர்வூட் நகரிலும் சுற்றுக் குடியேற்றங்களிலும் சிங்களவர் உண்டு. கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரிகள் உண்டு. இந்துக்களே மிகுதி, கிறிஸ்தவரும் கணிசம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாரியம்மன், தொழிற்சாலைக்கு ஒரு ரோதைமுனி. மாசி மாதக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆட்டங்களும் தமிழ்நாட்டில் தேய்ந்த பிறகும் இங்கே தப்பிப் பிழைத்தவை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் தெய்வத்தையும் ஆட்டத்தையும் கூட்டிவந்தார்கள், சாதியையும்தான். மேட்டு லயம், பணிய லயம் என்ற பிரிவினையில் அதன் சுவடு நெடுங்காலம் இருந்தது.

அதே காலத்தில் தமிழர் இன்னொரு திசையிலும் கப்பலேறினர். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிடித்தனர். கரிபியன் கடலின் குவாதலூப் தீவில் 1854 கிறிஸ்துமஸ் தருணத்தில் முதல் கப்பல் கரைசேர்ந்தது. பின்னாட்களில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு போயினர். அவர்கள் கையில் ஐந்தாண்டு ஒப்பந்தம் இருந்தது. நோர்வூட்டுக்கு வந்தவர் கையில் அதுகூட இல்லை. வாய்ப்பேச்சு மாத ஒப்பந்தமும், வழிச்செலவென்று கங்காணி எழுதிவைத்த கடனும்தான் கட்டு. கடனைக் குறித்த ‘துண்டு’ கைமாறினால் ஆளும் தோட்டம் மாறுவார். அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய வாக்குரிமை வழக்குப் போராட்டம் 1923இல் இந்திய வம்சாவளியினரைப் பிரெஞ்சுக் குடிமக்களாக்கியது. மொழி அங்கே பெரும்பாலும் கரைந்துவிட்டது, குடியுரிமை நின்றது. நோர்வூட்டில் மொழி நின்றது, குடியுரிமை பறிபோனது.

பறிபோன விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இப்பகுதி ஆட்சியின் இன்றைய குறைகளுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது. தொழிற்சங்கம் ஹட்டனில் கால்கொண்டது 1931இல். கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகப் பேசியும் பாடியும் வளர்த்தது அது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதன் தொழிற்சங்கப் பிரிவே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. 1947 பொதுத்தேர்தலில் இக்கட்சி ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் அந்த எழுவரில் அடக்கம். தோட்டத் தொழிலாளர் வாக்கின் பலம் இவ்வளவா என்று கொழும்பு அதிர்ந்த மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. குவாதலூப் 1946இல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆகிவிட்டிருந்தது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் எந்தத் திசையில் யார் போனார்கள் என்பது விளங்கும்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். பிரிக்கப்பட்டோரிடம் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி உணவுப் பஞ்சம் பலரைக் கப்பலுக்கு விரட்டியது. ஒரே லயத்தில் அண்ணன் ‘இந்தியா பதிவு’, தம்பி ‘இலங்கை பதிவு’ என்ற நிலை. போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தனர். இங்கே எஞ்சியவர்களின் நாடற்ற நிலை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறைந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

இதற்கிடையே, குடியுரிமை பெற்றவர்களுக்கு வாக்கு திரும்பக் கிடைத்ததும் பாராளுமன்றத்தில் பலம் திரும்பியது. 1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருடன் தொண்டமானும் தெரிவானார். மந்திரி பதவிகளும் வந்தன. ஆனால் ஊராட்சி வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபைகள் பணம் செலவிட இடமளிக்கவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்ப முடிந்தது. அந்த உறுப்பினர்கள் வாக்களித்தவர்களின் லயத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்ட முடியவில்லை. இதைவிட வேடிக்கையான உள்ளூராட்சி வேறெங்கும் இருந்ததா என்பது சந்தேகம். பாதை, தண்ணீர், பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்), மயானம் எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் தயவு. துரையின் காரியாலயமே கச்சேரி.

எல்லைகளும் மக்கள்தொகைக்குப் பொருந்தாமல் இருந்தன. நோர்வூட்டும் அடங்கிய, சுமார் 2 இலட்சம் பேர் வாழ்ந்த அம்பகமுவப் பிரிவு முழுவதற்கும் ஒரே பிரதேச செயலகம், ஒரே பிரதேச சபை. இரண்டும் கினிகத்தேனைப் பக்கம். பொகவந்தலாவைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்துப் பெண் பிறப்புச் சான்றிதழுக்கோ உதவித்தொகை விண்ணப்பத்துக்கோ போக வேண்டுமானால் நோர்வூட் வந்து, ஹட்டன் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். ஒருநாள் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். அலுவலர் இல்லையென்றால் மறுபடியும் ஒருநாள். 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டும், தமிழில் படிவம் நிரப்பத் தெரிந்த அலுவலர் அருகியே இருந்தனர்.

மாற்றம் 2018இல் வந்தது. அந்த ஆண்டு பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் அம்பகமுவப் பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றானது. நுவரெலியாப் பிரதேச சபையும் நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என மூன்றானது. அதே ஆண்டில் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பின்னர் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளைப் பத்தாக்கியபோது நோர்வூட்டுக்கும் ஒன்று கிடைத்தது. ஹட்டன், டிக்கோயா நகரங்கள் தனி நகரசபைக்குள் இருக்கின்றன. வெற்றியென்று சொல்லத்தக்கதுதான், ஆனாலும் குறைகள் பல. சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மே மாதம் வரை இழுபட்டதால், புதிதாகக் கிடைத்த ஊராட்சி இரண்டாண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தது. நிலமோ சபையிடம் இல்லை. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், 1992 முதல் 53 ஆண்டுக் குத்தகையில் கம்பனிகளிடம். கழிவு கொட்ட ஓரிடம் வேண்டுமானாலும் கம்பனியின் சம்மதம் வேண்டும். வரி விதிக்கத்தக்க கடையும் வீடும் குறைவு, வருமானம் அதற்கேற்ப.

முகவரி இன்னொரு சிக்கல். லயத்து வீட்டுக்கு இலக்கம் இல்லாத இடங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிப் போகும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்த பிள்ளைகள் பலர். வீடுகளின் கதையும் இதோடு சேர்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவிலிருந்து தனி வீட்டுக்குப் போக 7 பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் 2015க்குப் பின் வேகம் பெற்றது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே 12ஆம் தேதி நோர்வூட் தொண்டமான் விளையாட்டரங்கில் திரண்ட கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அன்றே டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடமும் திறக்கப்பட்டது. தேவையோடு ஒப்பிட்டால் கட்டி முடித்தவை கொஞ்சம்; உறுதிப்பத்திரம் கைக்கு வந்தவை அதிலும் கொஞ்சம்.

பொருளாதாரத்தின் முதுகெலும்பு இன்றும் கொழுந்துதான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புவார்கள். ஏழு முதல் பத்து நாளுக்கொரு முறை அதே செடி மறுபடி பறிக்கப்படும். பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். கவ்வாத்து, மருந்தடித்தல், தொழிற்சாலை வேலை ஆண்களுக்கு. கொழுந்து மடுவத்தில் தராசு நிற்கும்போது நடக்கும் பேச்சில் இப்பொருளாதாரத்தின் சாரம் முழுவதும் இருக்கிறது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எடை கழியும். மிச்சம் தோட்டம் வகுத்த அளவை எட்டினால் ஒரு பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். அந்த அளவு 16 கிலோவா, 18ஆ, 20ஆ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், தகராறும் அங்கேதான் பிறக்கும். மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்தால் ஒரு கிலோத் தூள். அது 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்துக்குப் போகும்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைத் துரைமாரிடமிருந்து அரசுக்கு மாற்றின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் போனது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, ஹட்டன் பெயர்களைத் தாங்கிய பெருந்தோட்டக் கம்பனிகள் இப்பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை நடத்துகின்றன. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு தாழ்நிலச் சிறுதோட்டக்காரரிடமிருந்து வருகிறது. இந்த உயர்நிலமோ இன்னும் கம்பனி நிலம். பழைய செடி, குறைந்த விளைச்சல், கூடிய கூலிச் செலவு என்று கம்பனிகள் சொல்வதில் உண்மை உண்டு. மறுநடுகையில் பணம் போடாமல் குத்தகைக் காலத்தை ஓட்டியவர்களும் அவர்களேதான் என்பதும் உண்மை. 2013இல் 340 மில்லியன் கிலோவாக உச்சம் தொட்ட நாட்டின் உற்பத்தி, 2021ஆம் ஆண்டு இரசாயன உரத் தடைக்குப் பின் 2022இல் 251 மில்லியனுக்குச் சரிந்தது.

சம்பளம் முன்பு தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் இரண்டாண்டுக்கொருமுறை செய்துகொண்ட கூட்டொப்பந்தத்தில் முடிவானது. 2019இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021இல் சம்பள நிர்ணய சபை அதை 1,000 ஆக்கியதும் கம்பனிகள் கூட்டொப்பந்தத்திலிருந்து விலகின. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, நீதிமன்றம் வரை போய், இறுதியில் 1,350 ஆக நின்றது. 2026க்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கு அரசு 200 ரூபா சேர்க்கும் என்று முன்மொழிந்தது. தொகை ஏறும் ஒவ்வொரு முறையும் வேலை கொடுக்கும் நாட்களின் எண்ணிக்கையோ கிலோ அளவோ சேர்ந்தே நகர்வதால், மாத முடிவில் கைக்கு வரும் காசைப் பார்க்காமல் நாட்சம்பளத்தை மட்டும் பேசுவது ஏமாற்று.

மற்ற வருமானங்கள் சிறியவை. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் நோர்வூட் சந்தி இரவும் தூங்காது. தேநீர்க் கடைக்கும் வான்காரருக்கும் அந்த ஐந்து மாதமே ஆண்டு. துரைமார் பங்களாக்களில் சில, நோர்வூட் பங்களா உட்பட, 2005 முதல் சொகுசு விடுதிகளாயின. வெளிநாட்டுப் பயணிகள் ஓரிரவுக்குத் தரும் வாடகை கொழுந்து பறிப்பவரின் பல மாதச் சம்பளம். அங்கே தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி, ஒன்றிரண்டு மாடு ஆகியவை வீட்டுச் செலவைத் தாங்கும்.

தோட்டப் பாடசாலைகளை அரசு 1977 முதல் ஏற்றுக்கொண்டதன் பலன் இரண்டு தலைமுறை கழித்துத் தெரிகிறது. ஹட்டன் கல்வி வலயத்திலிருந்து ஆசிரியர்களும் பட்டதாரிகளும் வருகிறார்கள். உயர்தரத்தோடு நின்றவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், பெண்கள் பலர் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் போகிறார்கள். லயத்தில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கும் காம்பராக்கள் கூடியிருக்கின்றன. தோட்டப் பதிவில் பெயர் குறையக் குறைய, கம்பனிகள் மலையைத் துண்டுகளாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்து, பராமரித்துத் தரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு தரும் முறைக்கு மாறிவருகின்றன. அந்தத் துண்டுக்கு உரிமைப்பத்திரம் உண்டா, ஊழியர் சேமலாப நிதி தொடருமா என்பதே இப்போது சங்கங்களும் கம்பனிகளும் மேசையில் வைத்திருக்கும் வழக்கு.